இலைக்கு 380 ரூபாயா, 450 ரூபாயா? கேட்டரிங் பில்லை பிரிச்சுப் பார்ப்போம்

கல்யாண பட்ஜெட்டை எக்செல்ல போடும்போது நம்மில் பெரும்பாலானவங்க சாப்பாட்டுக்கு ஒரே ஒரு வரிதான் எழுதுவோம். 500 பேர், இலைக்கு 400 ரூபாய், மொத்தம் 2 லட்சம். அடுத்த வரி போட்டோகிராபர். ஆனா நகையையும் மண்டபத்தையும் விட்டுட்டா, கல்யாணத்துல பெரிய செலவுகள்ல ஒண்ணு அந்த ஒரு வரிதான். அது 2 லட்சத்துல நிக்காம 2 லட்சத்து 75 ஆயிரத்துல போய் முடிஞ்சா, மிச்சப் பணம் அப்பாவோட பிஎஃப்ல இருந்தோ, நீங்க போன்லயே எடுக்கிற பர்சனல் லோன்ல இருந்தோதான் வரணும்.

அதனால இன்னைக்கு ஒரு கேட்டரிங் கொட்டேஷனை, ஒரு கம்பெனியோட செலவுக் கணக்கைப் பார்க்கிற மாதிரி பார்க்கலாம். கீழே வர்ற ரேட் எல்லாம் கணக்கு புரியணும்னு நான் உதாரணத்துக்கு எடுத்த எண்கள். உங்க ஊர்ல கூடவோ குறையவோ இருக்கும். வரி பத்தின எண்கள் மட்டும் சட்டத்துல இருக்கிறது.

ஒரு இலைக்குள்ள என்ன இருக்கு?

மதிய சாப்பாடு, 500 இலை, இலைக்கு 450 ரூபாய்னு வெச்சுக்கோங்க. கேட்டரருக்கு வர்றது 2,25,000 ரூபாய். இதுல மளிகை, காய்கறி, பால், எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து இலைக்கு 190 ரூபாய், அதாவது 95,000. வாழை இலை 8 ரூபாய்னா 4,000. கேஸ் 8,000.

அடுத்தது ஆட்கள். சமையல் மாஸ்டர், அவரோட டீம், காய் நறுக்குறவங்க, பாத்திரம் கழுவுறவங்க எல்லாருக்கும் சேர்த்து 40,000. பரிமாற 20 பேர், ஆளுக்கு 1,200 ரூபாய்னா 24,000. சாமான் ஏத்திட்டு வர்ற வண்டி 9,000. பாத்திரம், அடுப்பு வாடகை 6,000.

மொத்தம் கூட்டினா 1,86,000. மீதி 39,000. "அப்போ 39,000 லாபமா!"ன்னு கோபப்படாதீங்க. அவரோட ஆபீஸ் வாடகை, வருஷம் முழுக்க வேலை இல்லாத நாள்லயும் சம்பளம் வாங்குற மேனேஜர், திடீர்னு தக்காளி விலை ஏறினா வர்ற நஷ்டம், எல்லாமே இதுக்குள்ளதான். ஆடி, மார்கழி மாசத்துல நம்ம ஊர்ல கல்யாணமே நடக்காது. அந்த ரெண்டு மாசச் செலவையும் மத்த மாசத்து இலைங்கதான் தாங்கணும்.

இப்போ இந்தச் செலவுகளை ரெண்டா பிரிங்க. ஆள் எண்ணிக்கை கூடக் கூட ஏறுற செலவு ஒண்ணு: மளிகை, இலை, கேஸ். இது இலைக்கு சுமார் 214 ரூபாய். 450 பேர் வந்தாலும் 500 பேர் வந்தாலும் மாறாத செலவு இன்னொண்ணு: மாஸ்டர் டீம், பரிமாறுறவங்க, வண்டி, பாத்திரம். இது 79,000 ரூபாய்.

இந்தப் பிரிவு புரிஞ்சுட்டா கேட்டரர் பேசுற பல விஷயம் தானா புரிஞ்சிடும். உதாரணத்துக்கு, 100 பேர் வர்ற நிச்சயதார்த்தத்துக்கோ வளைகாப்புக்கோ அதே மெனுவை ஏன் 450 ரூபாய்க்குத் தர மாட்டேங்குறாங்க? சின்ன டீம் போட்டாலும் மாஸ்டர் வேணும், வண்டி வேணும், பரிமாற ஆறு பேராவது வேணும். மாறாத செலவு 38,000 ரூபாய்னு வெச்சாலே இலைக்கு 380. அதோட 214 சேர்த்தா, லாபமே இல்லாம 594 ரூபாய். சின்ன விசேஷத்துக்கு முழு கேட்டரிங் டீமைக் கூப்பிடுறதை விட, நல்ல மெஸ்லயோ ஹோட்டல்லயோ ஆர்டர் கொடுத்து சாப்பாட்டை வரவெச்சு, பரிமாற மட்டும் நாலு பேரை ஏற்பாடு பண்றது பல நேரம் மலிவு. வீட்டுப் பசங்களே பரிமாறினா இன்னும் நல்லது. முன்னாடி எல்லா வீட்டுலயும் அப்படித்தானே நடந்தது.

கேரண்டி எண்ணிக்கைதான் உண்மையான விலை

கொட்டேஷன் பேப்பர்ல பெரிய எழுத்துல இலை ரேட் இருக்கும். சின்ன எழுத்துல "குறைந்தபட்சம் 600 இலை"ன்னு இருக்கும். நம்ம பேரம் எல்லாம் முதல் எண்ணை வெச்சுத்தான் நடக்குது. 400-ஐ 380 ஆக்கிட்டா ஜெயிச்ச சந்தோஷம். பில்லை முடிவு பண்றது ரெண்டாவது எண்.

கேட்டரர் பக்கம் யோசிச்சா இது நியாயம்தான். முந்தின நாளே காய் வந்து நறுக்கியாச்சு, ஆளுக்கு கூலி பேசியாச்சு. 100 பேர் வரலைன்னா அவருக்கு மிச்சம் ஆகறது கொஞ்ச இலைதான். அதனால வந்தாலும் வராட்டியும் இத்தனை இலைக்குக் காசு கொடுத்துடணும்னு கேட்கிறார். அந்த "இத்தனை" எவ்வளவுங்கிறதுதான் பேச வேண்டிய இடம்.

ரெண்டு கொட்டேஷன் எடுத்துக்கலாம். முதல் கேட்டரர் இலைக்கு 380 ரூபாய், கேரண்டி 600 இலை. தண்ணி பாட்டில் 8 ரூபாய் தனி, ஐஸ்கிரீம் 25 ரூபாய் தனி, அதுக்கும் அதே 600 கணக்கு. வண்டி வாடகை 9,000, கிளீனிங் 5,000. இரண்டாவது கேட்டரர் இலைக்கு 450 ரூபாய், கேரண்டி 450 இலை. தண்ணி, ஐஸ்கிரீம், வண்டி, கிளீனிங் எல்லாம் உள்ளேயே அடக்கம். ரெண்டு பேருக்கும் ஜிஎஸ்டி தனி.

கல்யாணத்தன்னைக்கு 470 பேர் சாப்பிட்டாங்க.

முதல் கேட்டரர் பில்: 600 இலைக்கு 2,28,000. தண்ணி 4,800. ஐஸ்கிரீம் 15,000. வண்டியும் கிளீனிங்கும் 14,000. ஆக 2,61,800. ஜிஎஸ்டி 5% 13,090 சேர்த்தா 2,74,890 ரூபாய்.

இரண்டாவது கேட்டரர் பில்: 470 இலைக்கு 2,11,500. ஜிஎஸ்டி 10,575. மொத்தம் 2,22,075 ரூபாய்.

வித்தியாசம் 52,815 ரூபாய். சாப்பிட்ட ஆள் கணக்குல வகுத்தா முதல் கேட்டரர் ஒரு இலைக்கு வாங்கினது 380 இல்ல, கிட்டத்தட்ட 585. இரண்டாமவர் வாங்கினது 472.50. இந்த 52,815 ரூபாயை 14% வட்டிக்கு மூணு வருஷ பர்சனல் லோனா எடுத்திருந்தா மாசம் சுமார் 1,805 ரூபாய் இஎம்ஐ. கட்டி முடிக்கும்போது சுமார் 65,000. யாருமே உட்காராத 130 இலைக்கும், கண்ணுல படாத வண்டி வாடகைக்கும் மூணு வருஷம் தவணை.

அதுக்காக முதல் கேட்டரர் ஏமாத்துறார்னு அர்த்தம் இல்ல. உங்க வீட்டுல நிஜமாவே 620 பேர் வருவாங்கன்னா அவர் பில் 2,83,563 ரூபாய், இரண்டாமவர் பில் 2,92,950. இப்போ முதல் ஆள்தான் மலிவு. இந்த ரெண்டு கொட்டேஷனும் சமம் ஆகுற இடம் சுமார் 582 இலை. அதுக்குக் கீழே இரண்டாமவர், மேலே முதலாமவர். ஆக "எந்த கேட்டரர் மலிவு?"ங்கிற கேள்விக்கு பதில் கேட்டரர் கிட்ட இல்ல, "எத்தனை பேர் வருவாங்க?"ன்னு உங்களுக்கு எவ்வளவு தெளிவா தெரியும்ங்கிறதுல இருக்கு.

அப்போ எத்தனை பேர்?

வீட்டுல பெரியவங்க கிட்ட கேட்டா "ஒரு எழுநூறு பேர் வருவாங்கப்பா"ன்னு சொல்வாங்க. பத்திரிகை எத்தனை கொடுத்தோமோ அதை வெச்சு சொல்ற நம்பர் அது. பட்டியலை ரெண்டா பிரிச்சு எழுதச் சொல்லுங்க: கட்டாயம் வர்றவங்க, வந்தாலும் வரலாம்ங்கிறவங்க. முதல் பட்டியலை முழுசா எடுத்துக்கிட்டு, இரண்டாவதுல பாதி எடுத்தா போதும். உங்க குடும்பத்துல கடைசியா நடந்த கல்யாணத்துல பத்திரிகை எத்தனை, இலை எத்தனைன்னு சித்தப்பா மாமா யாருக்காவது ஞாபகம் இருந்தா, அந்த விகிதம் இதை விட நல்ல கணக்கு.

இதுல பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. கல்யாணச் சாப்பாடு ஒரு வேளை இல்ல. முந்தின நாள் ரிசப்ஷன் டின்னர், முகூர்த்த காலை டிபன், மதிய சாப்பாடு. மூணுக்கும் கூட்டம் வேற வேற. ஆபீஸ் ஆட்கள், காலேஜ் பிரண்ட்ஸ் எல்லாம் ரிசப்ஷனுக்கு வந்துட்டு மொய் கவரை கொடுத்துட்டு கிளம்பிடுவாங்க. முகூர்த்தம் காலை 6 மணியிலிருந்து 7.30-க்குள்ளனு இருந்து, அதுவும் வேலை நாளா இருந்தா, டிபன் சாப்பிட்டுட்டு வேலைக்குப் போறவங்க அதிகம். மதியம் நெருங்கின சொந்தம் மட்டும்தான் இருக்கும். சில கொட்டேஷன்ல மூணு வேளைக்கும் ஒரே கேரண்டி போட்டிருப்பாங்க. அதை அப்படியே ஏத்துக்காதீங்க. டின்னருக்கு 500, டிபனுக்கு 250, மதியத்துக்கு 300ன்னு வேளைக்கு ஒரு எண் கேளுங்க. இலைக்கு 20 ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேசுறதை விட இந்த ஒரு திருத்தம் அதிகமா மிச்சம் பண்ணும்.

கேரண்டியைக் கொஞ்சம் குறைவாவே கொடுங்க. கூட்டம் கூடினா? நல்ல கேட்டரர் சொன்ன எண்ணிக்கைக்கு மேல கொஞ்சம் கூடுதலா தயார் பண்ணிதான் வைப்பார். எத்தனை சதவீதம் கூட சமைப்பீங்க, அந்த எக்ஸ்ட்ரா இலைக்கும் அதே ரேட்தானா, கூடுதலான்னு முன்னாடியே எழுதி வாங்கணும். அதே மாதிரி, கடைசியா எண்ணிக்கையை மாத்துற தேதி எதுன்னு கேளுங்க. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி வரைக்கும் மாத்தலாம்னா, அதுக்குள்ள பாதி வீட்டுக்கு போன் போட்டு "வர்றீங்கதானே அத்தை?"ன்னு கேட்டுடலாம்.

இலை கணக்கு இல்லாத கணக்குகள்

ஊர்ப் பக்கம் இன்னும் நிறைய பேர் இலைக்கு ரேட் பேசறதில்ல. மாஸ்டருக்கு சமையல் கூலி மட்டும் பேசி, அவர் எழுதிக் கொடுக்கிற லிஸ்ட்டை எடுத்துட்டுப் போய் மளிகையை நம்மளே வாங்குவோம். கேட்டரரோட லாபமும் ஆபீஸ் செலவும் இதுல நமக்கு மிச்சம். ஆனா ரிஸ்க் முழுக்க நம்ம பக்கம் வந்துடும். பொருள் தீர்ந்துடுச்சுன்னு கெட்ட பேர் வரக்கூடாதுன்னு மாஸ்டர் லிஸ்ட்டை தாராளமாத்தான் எழுதுவார். பிரிக்காத மூட்டை, டின் எல்லாம் திருப்பி எடுத்துக்கிற கடையில வாங்கினா இந்தப் பிரச்சனை பாதி தீரும். மளிகைக்கும் காய்க்கும் அலைய, ஸ்டோர் ரூம் சாவியை வெச்சுக்கிட்டு உட்கார, நம்பிக்கையான ஒரு ஆள் வீட்டுல இருந்தா மட்டும் இந்த வழி. லீவே கிடைக்காத ஐடி வேலையில இருந்துக்கிட்டு, பெங்களூர்ல இருந்து போன்லயே இதை நடத்த நினைக்காதீங்க.

பிரியாணி விருந்துன்னா பேச்சு கிலோவுல நடக்கும். "ஒரு கிலோ இவ்வளவு"ன்னு சொன்னா அது அரிசிக் கணக்கு. ஒரு கிலோ அரிசிக்கு எத்தனை கிலோ கறி போடுவீங்க, அது சமைக்காத எடையான்னு கேட்காம ரெண்டு பேர் ரேட்டை ஒப்பிடவே முடியாது. ஒருத்தர் ஒரு கிலோ கறி, இன்னொருத்தர் ஒன்றரை கிலோ கறின்னா, மட்டன் விலைக்கு அது வேற வேற சாப்பாடு.

முகூர்த்த நாள் பத்தி ஒரு வார்த்தை. நல்ல முகூர்த்தமும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வந்தா ஊர்ல இருக்கிற எல்லா மண்டபத்துலயும் கல்யாணம். அன்னைக்கு வாழை இலையும் ஏறும், காயும் ஏறும், பரிமாற ஆளும் கிடைக்காது. அந்த நாளுக்கு கேட்டரர் ரேட்டைக் குறைக்கலைன்னா அது பிடிவாதம் இல்ல. மெனுவில கை வைங்க. இலையில 22 ஐட்டம் இருந்தாலும் மனுஷன் வயிறு ஒண்ணுதான். ஒரு ஸ்வீட்டையும் ரெண்டு பொரியலையும் குறைச்சா பொருள் செலவோட ஆள் வேலையும் குறையும். லைவ் தோசை கவுண்டர், சாட் கவுண்டர் மாதிரி ஒவ்வொண்ணுக்கும் தனியா ஆள் நிக்கணும், அதனாலதான் அதுக்கு அவ்வளவு ரேட்.

ஜிஎஸ்டி: இங்கதான் என் வேலை

கல்யாண மண்டபத்துல நடக்கிற கேட்டரிங்குக்கு ஜிஎஸ்டி 5%. 2019 அக்டோபர் 1-ல இருந்து இதுதான். ஒரு நாள் ரூம் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல வாங்குற பெரிய ஹோட்டலுக்குள்ள விழா வெச்சா பொதுவா 18% வரும். 3 லட்ச ரூபாய் பில்லுல இந்த வித்தியாசம் மட்டும் 39,000 ரூபாய். அதனால ஹோட்டல்ல விழா வைக்கிறவங்க வரியோட சேர்த்து ரேட் என்னன்னு முதல்லயே கேளுங்க. மண்டப வாடகையைத் தனியா கொடுத்தா அதுக்கு 18%, அது வேற பில்.

5% வாங்குற கேட்டரருக்கு இன்புட் டாக்ஸ் கிரெடிட் கிடையாது. அதாவது, 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டருக்கு அவர் கொடுத்த 18% வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அது அவரோட செலவா மாறி, நம்ம இலை ரேட்டுக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கும். "வெறும் 5% தானே"ன்னு தோணும்போது இதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

எல்லா கேட்டரரும் ஜிஎஸ்டி வாங்க முடியாது. வருஷ வியாபாரம் 20 லட்சத்துக்குள்ள இருந்து பதிவே பண்ணாதவர், கம்போசிஷன் திட்டத்துல இருக்கிறவர், ரெண்டு பேரும் நம்ம கிட்ட தனியா வரி வசூலிக்கக் கூடாது. பில்லுல 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கா பாருங்க, தமிழ்நாடுன்னா 33-ல ஆரம்பிக்கும். அதை ஜிஎஸ்டி தளத்துல போட்டுப் பார்த்தா யார் பேர்ல இருக்கு, ரெகுலரா கம்போசிஷனா, இன்னும் நடப்புல இருக்கான்னு எல்லாம் வந்துடும். ரெண்டு நிமிஷ வேலை. எண்ணே இல்லாம கீழே 5% மட்டும் போட்டிருந்தா அதைக் கொடுக்காதீங்க. அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகாது. அதோட 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் கேளுங்க. சாப்பாடு சமைச்சு விக்கிறவர் கிட்ட அது இருந்தே ஆகணும்.

"பில் வேணாம்னா ஜிஎஸ்டி இல்லாம முடிச்சுக்கலாம் சார்"னு சொல்வாங்க. மேலே பார்த்த உதாரணத்துல அது 10,575 ரூபாய். வரி ஏய்ப்புங்கிறதை ஒரு நிமிஷம் தள்ளி வெச்சாலும், பணம் கொடுத்ததுக்கு உங்க கிட்ட ஒரு ஆதாரமும் இருக்காது. 300 இலையோட சாம்பார் தீர்ந்து போச்சுன்னா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணி என்னத்தைச் சொல்வீங்க? மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் முதல்ல கேட்கிறது பில்லும் ஒப்பந்தமும்தான்.

ரொக்கம் கொடுக்கிறதுலயும் ஒரு வரம்பு இருக்கு. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருத்தர் கிட்ட இருந்து 2 லட்சம் ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு வருமான வரிச் சட்டம் சொல்லுது. இது 2017 ஏப்ரல்ல இருந்து இருக்கிற விதி. ரிசப்ஷனுக்கு ஒரு லட்சம், முகூர்த்தத்துக்கு ஒன்றரை லட்சம்னு நாள் பிரிச்சுக் கொடுத்தாலும் அது ஒரே கல்யாணம்தான். அபராதம் வாங்கினவருக்கு, வாங்கின தொகை அளவுக்கே. நீங்க பேங்க் மூலமா கொடுத்துட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி. அட்வான்ஸ் ஒரு பங்கு, பொருள் வாங்கும்போது ஒரு பங்கு, மூணாவது பங்கு இலை எண்ணி முடிச்ச பிறகு. அந்தக் கடைசிப் பங்கு உங்க கையில இருக்கிற வரைக்கும்தான் உங்க பேச்சுக்கு மதிப்பு.

அன்னைக்கு இலையை எண்ணுறது யார்?

மாப்பிள்ளையோ பொண்ணோ எண்ண முடியாது. கணக்கு பார்க்கிற பழக்கம் இருக்கிற ஒரு சித்தப்பாவையோ மாமாவையோ முன்கூட்டியே சொல்லி வைங்க. எண்ண ரெண்டு வழி இருக்கு. வந்து இறங்கின இலை எத்தனைன்னு முதல்லயே குறிச்சு, கடைசியில மிச்சத்தையும் கிழிஞ்சதையும் கழிக்கிறது ஒண்ணு. ஒவ்வொரு பந்தியிலும் உட்கார்ந்தவங்களை எண்ணி, கேட்டரரோட மேனேஜர் கிட்ட அப்பவே கையெழுத்து வாங்குறது இன்னொண்ணு. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். நாலு பந்தி முடிஞ்சு எல்லாரும் களைச்சுப் போன பிறகு யாரும் இலைக் கட்டைப் பிரிச்சு எண்ணப் போறதில்ல. பஃபேன்னா தட்டு கணக்கு. ஒருத்தரே ரெண்டாவது தட்டு எடுத்தா அது ரெண்டா, குழந்தைங்களுக்கு அரை ரேட்டான்னு முன்னாடியே பேசிடுங்க. மேளக்காரங்க, போட்டோ டீம், டிரைவர், மண்டபத்து ஆட்கள் எல்லாரும் சாப்பிடுவாங்க, சாப்பிடணும். உங்க பட்டியல்ல அவங்களுக்கு ஒரு 30 இலை சேர்த்துட்டு அப்புறம் கேரண்டி நம்பரைச் சொல்லுங்க.